இருபது நிமிடம்

நாவலூரில் பதினோராவது மாடி.
பில்டர் மாதிரி வீடாக வைத்திருந்ததை
சாமான்களோடு வாங்கியிருக்கிறார்கள்.
நாலு அறை, நாலிலும் கூரைக்குள் ஸ்பீக்கர்.
குளியலறையில்கூட ஒன்று,
தண்ணீர் லாரி வராத நாளிலும் பாடும்.

புகார்ச்சீட்டில் ஒரே வரி:
மதியத்தில் தானாக அணைகிறது.

எத்திராஜ் கதவைத் திறந்து
உதட்டில் விரலை வைத்தார்,
பிறகு என் காலைப் பார்த்தார்.
ஷூவைக் கழற்றினேன்.
சாக்ஸில் ஓட்டை. அதற்குச் சத்தம் கிடையாது.

சுகிர்தாவுக்கு ஐ.சி.யூ.வில் நைட் டியூட்டி,
ஒன்பதரைக்கு வந்து படுப்பாள் என்றார்.
தனக்கு வேலை போய் ஏழு மாதம் என்பதை
நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.
பகலில் கிரிக்கெட்,
ஒலியைப் பூஜ்யத்தில் வைத்து.

வரைபடத்தில் பூஜை அறை என்று போட்ட
அலமாரிக்குள் ரேக் நிற்கிறது.
அதற்குள் இருக்கும் விதி
நானே நூறு வீட்டில் எழுதியது:
வயரில் ஒலி வந்தால் விழி.
இரண்டு மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால்
எண்ணத் தொடங்கு.
இருபது நிமிடம் ஒன்றும் வராவிட்டால்
வீட்டில் ஆள் இல்லை என்று கொள்.
ஆம்ப்ளிஃபயரை அணை, டப்பாவை அணை,
டிவியை அணை.

ஆள் சோபாவில்தான் இருந்தார்,
லுங்கியை முழங்காலுக்கு இடையில் செருகி
விக்கெட் விழும்போதெல்லாம்
குஷனைக் கடித்துக்கொண்டு.

கடைசி ஓவரில்தான் அணையும்.
செட்டாப் பாக்ஸ் எழுந்து முகம் கழுவி
மறுபடி படம் காட்ட நாலு நிமிடம்.
அதற்குள் யாரோ ஜெயித்திருப்பார்கள்.
போன வாரம் ஒரு பந்துக்கு மூன்று ரன்.
யார் ஜெயித்தது என்று இன்னும் பார்க்கவில்லை சார்,
பிடிவாதமாக இருக்கிறேன், என்றார்.

இருபதை இருநூறாக்கலாம் என்றேன்.
பில் ஏறும், என்றார்.
போன தடவை ரீடிங் எடுத்துப் போனதும்
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஈ.பி. அட்டையை இரண்டாக மடித்து
ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள், அவ்வளவுதான்.

ஒலியைத் துளி, மூன்றில் வைத்தால் போதுமே?
படுக்கையறைக் கதவைப் பார்த்தார்.
எனக்கும் தெரியும்,
ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே
எல்லா அறையும் ஒரே அறை.

மறுநாள் ரிச்சி தெருவில் அலைந்து
கட்டைவிரல் மோதிரம் அளவில்
கரண்டை முகரும் வளையம் ஒன்று வாங்கினேன்.
டிவி வயரில் ஒரு இழையை மட்டும் பிரித்து
அதற்குள் நுழைத்தேன்.
இனி இது காதை நம்பாது.
திரை எரிகிற மட்டும் ஆள் உண்டு.
அவராக அணைத்தால்
ஒரே நிமிடத்தில் மொத்தமும் தூங்கும்.

சோதித்துப் பார்க்க வேறு வழியில்லை,
இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.
சிக்ஸர் ஒன்று போனது.
நாற்பதாயிரம் பேர் எழுந்து கத்தியதில்
எங்கள் காபி டம்ளரில் ஆடைகூட அசையவில்லை.
பந்து வீசியவன்
வானத்தைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை.
பதினேழு. பதினெட்டு.
உள்ளே கட்டில் ஒருமுறை முனகியது.
மூச்சை அணைத்துக்கொண்டோம்.
இருபது.
இருபத்தொன்று.
ரேக்கில் நீல விளக்கு அப்படியே.
எத்திராஜ் என் கையைப் பிடித்துக்
குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார்,
வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

ஜிபே பண்ணினார்.
பணம் வந்ததை ஊருக்கே சொல்லும் போன் என்னுடையது,
வயிற்றோடு அமுக்கிக்கொண்டேன்.
சட்டைக்குள்ளிருந்து ஒரு பெண்
ஆயிரத்து நானூறு என்றாள்.

வெளியே வராந்தாவில்
லேஸ் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது
தலைக்கு மேல் விளக்கு அணைந்தது.
அசைவில்லை, ஆளில்லை.
ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன்.
எரிந்தது.

லிஃப்ட் திறந்து
பதினோராவது தளம் என்று
இங்கிலீஷில் கூவியது.
யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.